குன்றேற ஒரு சீட்டு: கம்பம் பள்ளத்தாக்கின் மலைவழிகளும் அனுமதியின் வரலாறும்

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் ஒரு சாட்சியத்தோடு தொடங்குகிறது. மதுரை எரியுண்டபின் வையையின் கரைவழியே நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி, வேங்கை மரத்தின் கீழ் நின்ற கண்ணகியை முதலிற் கண்டவர்கள் குன்றக்குரவர். இன்னாள் என்று அறியாமலே அவளைத் தெய்வமெனக் கொண்டு அவர்கள் குரவை ஆடினர். பின்னர், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் யானைக்கோடும் அகிலும் தேனும் சந்தனமும் சுமந்து சென்று, தாம் கண்ட காட்சியைக் கூறினர். உடனிருந்த சாத்தனார் அக்காட்சியின் பின்னிருந்த வரலாற்றை விளக்கினார். அரசி வேண்மாள் அப்பத்தினிக் கடவுளை வழிபட வேண்டும் என்றாள். வேந்தன் இமயத்துக் கல் கொணர்ந்து கோயில் சமைத்தான். கண்டவர் குரவர், விளக்கியவர் புலவர், கல் நாட்டியவர் வேந்தர். காப்பியம் இம்மூவரையும் தத்தம் இடத்தில் வைத்தே கதையை நடத்துகிறது.

இன்று அக்குன்றம் எனப் பலராலும் போற்றப்படும் மங்கலதேவி மலைக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் மக்கள் செல்ல இயலும். அந்நாளில் யார் செல்லலாம், எவ்வழியாகச் செல்லலாம், எதைக் கொண்டு செல்லலாம், எப்பொழுது இறங்கிவிட வேண்டும் என்பனவற்றை முடிவு செய்பவர்கள் இரு மாநில அரசுகளின் அலுவலர்கள். வேந்தரின் இடத்தில் அரசுகள் அமர்ந்துள்ளன. புலவர்கள் சித்திரை முழுநிலவன்று மலையேறிச் சென்று பாடுகிறார்கள். முதலிற் கண்டு சொன்ன மலைமக்களின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவ்விடம் எவ்வாறு வெறுமையாயிற்று என்பது கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்.

வழிகேட்டுச் செல்லும் மரபு

மலைக்குள் நுழைவோர் ஒரு முறைமைக்கு உட்பட்டவர் என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டின் மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். பரிசிலைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது வழியைப் பற்றியும் பேசுகிறது. பன்றிக்காக வைத்த பொறிகள் இருப்பதால் விடிந்த பின்னரே நடக்க வேண்டும். பாம்புகள் உறையும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் மேலே படாமல் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்று அது எச்சரிக்கிறது. இன்னார் பொருட்டு வந்தோம் என்று சொன்னால் குறவர் குடிகளில் உணவும் உறைவிடமும் கிடைக்கும் என்றும் கூறுகிறது.

அங்கே அனுமதிச் சீட்டு இல்லை. ஆனால் அனுமதி இருந்தது. வந்தவர் தம்மை அறிவித்துக் கொண்டார். இருந்தவர் வழியும் விருந்தும் தந்தார். மலையின் இடர்களை அறிந்தவரே மலையின் வாயிலிலும் நின்றார். இடரறிவும் இசைவளிக்கும் உரிமையும் ஒரே கையில் இருந்தன என்பதே அம்முறையின் உயிர்நாடி. பிற்கால வரலாறு இவ்விரண்டையும் பிரித்த வரலாறு.

கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில் பளியரும் மன்னானும் முதுவரும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மதுரையிலிருந்து தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகிற் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் தாம் என்பது முதுவர் வழக்கு. மன்னான் மக்களும் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் கோழிமலையில் இன்றும் அவர்களுக்கு ஓர் அரசர் உண்டு. அங்கு நிகழும் காலாவூட்டு விழாவில் ஆடப்படும் மன்னான் கூத்தின் கதை, கோவலன் கண்ணகி கதையே. காப்பியக் குரவரும் இன்றைய குடிகளும் ஒருவரே என்று நிறுவச் சான்றில்லை. எனினும், கண்ணகியின் கதையை ஏட்டின் துணையின்றிக் காத்துவந்தவர்கள் இம்மலைகளில் இருக்கின்றனர் என்பது மறுக்க இயலாத உண்மை.

ஏடுகளில் எழுதப்பட்ட மலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருபதாண்டுக்குள் இம்மலைகளின் நிலைமை முற்றிலும் மாறியது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். போடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் அப்பாலுள்ள நிலம் அது. அங்கே விளைந்த தேயிலை பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே குரங்கணிக்கு இறங்கியது. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் உரிமையின்றி நுழைவதே குற்றம் என்ற கருத்தை அது சட்டமாக்கியது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் பெரியாற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் காலம் என்பன அதன் கூறுகள். பென்னிகுவிக் எழுப்பிய அணை 1895-இல் நிறைவுற்று, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் வந்தது. அந்நீருக்கு இப்பள்ளத்தாக்கு பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு அக்கடனை மக்கள் தீர்த்துவருகின்றனர். ஆனால் அந்த உடன்படிக்கைக்குக் கையெழுத்திட்டவர் இருவர் மட்டுமே. நீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கில் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்தவர்களை மூன்றாம் தரப்பாக எவரும் எண்ணவில்லை.

அணையால் உண்டான ஏரியைச் சுற்றியிருந்த காடு 1934-இல் நெல்லிக்காம்பட்டி விலங்குப் புகலிடமாகவும், 1950-இல் பெரியாறு வனவிலங்குப் புகலிடமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காட்டின் உட்பகுதியில் இருந்த மன்னான், பளியர் குடிகள் குமுளியை ஒட்டிய மன்னாக்குடி, பளியக்குடி ஆகிய குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். தேக்கடிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தனர். ஒரு பக்கம் காட்டுக்குள் இருந்தவர் வெளியே வர, மறுபக்கம் வெளியே இருந்தவர் சீட்டு வாங்கி உள்ளே சென்றார்.

1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இம்மாற்றத்துக்கு முழுவடிவம் தந்தது. புகலிடத்துக்குள் நுழையத் தக்கவர் யாவர் என்பதை அதன் 27-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: பணியிலுள்ள அரசு ஊழியர், உரிய அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உடையவர், பொதுப்பாதையில் கடந்து செல்பவர், இவர்களைச் சார்ந்தோர். ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா முதலிய காரணங்களுக்காக அனுமதி வழங்கலாம் என்கிறது 28-ஆம் பிரிவு. வழங்குபவர் தலைமை வனஉயிரினக் காப்பாளர். பத்திரத்தில் எழுதப்பட்ட சொத்து இருப்பவருக்கு அவ்வரிசையில் இடம் உண்டு. பாட்டன் நட்ட கல்லையும் தேன் அடையும் பாறையையும் மட்டுமே சொத்தாகக் கொண்டவருக்கு இடம் தெளிவாக இல்லை. சுற்றுலா வருபவர் சட்டத்தின் சொல்லால் சுட்டப்பட்டார், குடியிருந்தவர் சுட்டப்படவில்லை.

ஒரு நாள் திறக்கும் மலை

1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடிச் சென்று, கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறைக் காட்டில், ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் சிதைந்து கிடந்த கற்கோயிலைச் சிலப்பதிகாரத்தின் கண்ணகி கோட்டமாக அடையாளம் காட்டினார். அறிஞர் அனைவரும் இதில் ஒருமனப்படவில்லை. கொடுங்கல்லூரே அவ்விடம் என்பாரும் உளர். ஆயினும் அக்கண்டறிதலுக்குப் பின் மங்கலதேவி தமிழ் இலக்கிய அன்பர்களின் புனிதத் தலங்களுள் ஒன்றாயிற்று. அதனோடு, கோயில் எந்த மாநிலத்தது என்ற எல்லை வழக்கும் சேர்ந்து வளர்ந்தது.

இன்றைய நடைமுறை வருமாறு. சித்திரை முழுநிலவுக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களின் தலைமையில் வருவாய், காவல், வனம் முதலிய துறையினர் கூடுகின்றனர். குமுளியிலிருந்து புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் ஜீப்புகளுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. நடந்து செல்வோர் தமிழகப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் ஏறுகின்றனர். ஞெகிழிப் பொருள்களுக்கு இடமில்லை. காலையில் ஏறியவர் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரே நாளில் பல்லாயிரவர் ஏறி இறங்கும் இடத்தில் இத்தகைய கட்டுப்பாடுகள் தேவையற்றவை என்று எவரும் சொல்ல இயலாது. யானைகள் நடமாடும் காடு அது. கோடையில் புல் காய்ந்து ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும் மலை அது.

எனவே கட்டுப்பாடு கூடாது என்பதன்று இங்கே எழும் வினா. கட்டுப்பாட்டை விதிக்கும் அவையில் யார் இருக்கிறார் என்பதே வினா. நடைவழி தொடங்கும் ஊரின் பெயரே அவ்வழி யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது: பளியன்குடி. பளியர் குடியிருப்பு. இரு மாநிலங்களும் எல்லைக்கல் எங்கே என்று அரைநூற்றாண்டாக வாதிடுகின்றன. கோட்டின் இருபுறமும் ஒரே குடியினர் வாழ்கின்றனர் என்பதும், அக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அவர்களுக்கு வழி தெரியும் என்பதும் அவ்வாதத்தில் ஒரு சான்றாகக்கூட எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

குரங்கணி சொன்ன பாடம்

இசைவளிக்கும் உரிமையும் இடரறிவும் பிரிந்தால் விளைவது என்ன என்பதை 2018 மார்ச் 11 காட்டியது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்த இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்குகையில் காட்டுத்தீயிற் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளம்பெண்கள். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி இருக்கவில்லை என்று வனத்துறை தெரிவித்தது. அரசு விசாரணை அமைத்தது; அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன.

அனுமதி இருந்ததா, இல்லையா என்ற கேள்வியிலேயே அன்றைய விவாதம் பெரிதும் நின்றுவிட்டது. சீட்டு இருந்திருந்தால் தீ வழிவிட்டிருக்குமா என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பங்குனிப் புல் எந்நிலையில் இருக்கிறது, காற்று எப்பக்கம் திரும்பும், தீ மேல்நோக்கி எவ்வளவு விரைவாக ஏறும், ஒதுங்குவதற்குப் புல்லற்ற பாறை எங்கே உள்ளது என்பன தாளில் எழுதப்படுபவை அல்ல. அவை அங்கே வாழ்பவர்களின் அறிவு. புகையைக் கண்டு முதலில் மலையேறியவர்களும், தீப்பட்டவர்களைப் போர்வையிற் கட்டிச் சுமந்து இறக்கியவர்களும் அச்சுற்றுவட்டார மக்களே. காப்பதற்கு அவர்கள் வேண்டும். "இன்று மலைக்குப் போகவேண்டா" என்று தடுப்பதற்கு மட்டும் அவர்களிடம் அதிகாரம் இல்லை. மலைபடுகடாம் காட்டும் பழைய வாயில்காப்போன் இங்கேதான் இல்லாது போனான்.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு வழியும் அவற்றுள் ஒன்று. வழிகாட்டியின்றி எவரும் செல்லலாகாது என்பதும், உள்ளூர் இளைஞரும் பழங்குடி இளைஞரும் அவ்வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டனர் என்பதும் வரவேற்கத் தக்கன. பெரியாற்றுக் காட்டில் இம்முயற்சி முன்பே நடந்தது. 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் மன்னான், பளியர் குடியினர் காடுகாட்டும் வழிகாட்டிகள் ஆயினர். காட்டுக் கருவாப்பட்டையைக் களவாக உரித்து வாழ்ந்த சிலர், வழக்குகளிலிருந்து விடுபட்டு அதே காட்டின் காவலர் ஆயினர். காட்டுக்கும் நன்மை, அவர்கள் வீட்டு அடுப்புக்கும் நன்மை. ஆனாலும் வழிகாட்டுவது வேறு, வழிவிடுவது வேறு. முன்னது கூலி பெறும் தொழில், பின்னது உரிமை. சீட்டின் அடியில் உள்ள கையொப்பம் இன்னும் அவர்களுடையது அன்று.

மரப்பட்டையில் எழுதிய மனு

இவ்வுரிமை நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று கருதுவோர்க்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. கோவிந்தராசனார் மங்கலதேவியைக் கண்டறிந்த அதே 1963-இல், ஆஸ்திரேலியாவின் வடமுனையில் யிர்க்காலா என்னும் ஊரின் யோல்ங்கு மக்கள் தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினர். அவர்களது நிலத்தில் 300 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அவர்களைக் கேளாமலே அலுமினியத் தாதுச் சுரங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மனுவைத் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்டு மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குல ஓவியங்களைத் தீட்டினர். அவ்வோவியங்களே நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமைப் பத்திரம். நாடாளுமன்றம் மனுவைப் பெற்றுக்கொண்டது, சுரங்கம் நிற்கவில்லை. வழக்குத் தொடுத்தனர். அவர்களிடம் ஒழுங்கமைந்த சட்டமுறை உண்டு என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனை நிலவுடைமையாக ஏற்க இயலாதென 1971-இல் தீர்ப்பளித்தது.

அத்தோல்வியே விதையாயிற்று. 1976-இல் வடபுலத் தொல்குடி நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தொல்குடி நிலத்துக்குள் நுழைய வெளியார் அனுமதி பெற வேண்டும். அதனை வழங்குவது நிலத்துக்குரியோரின் சார்பில் செயற்படும் அமைப்பு. சுரங்கத்தைச் சுற்றி எழுந்த நகரத்தார் ஓய்வுநாட்களில் கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் முகாமிட்டுப் பொழுதுபோக்கினர். அதனால் மணற்குன்றுகள் சிதையவே, யோல்ங்கு நிலவுரிமையாளர் 1992-இல் திமுரு என்னும் கழகத்தை நிறுவினர். பொழுதுபோக்கு இடங்களுக்கு வருவோர் அக்கழகத்திடம் சீட்டுப் பெறுகின்றனர். அக்கட்டணம் அவ்விடங்களின் பராமரிப்புக்கு உதவுகிறது. யோல்ங்கு காவலர்களே அந்நிலத்தைக் காக்கின்றனர்.

அந்நாட்டின் நடுவே உள்ள உளுரு என்னும் செம்பாறை 1985 அக்டோபர் 26 அன்று அதன் மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. அன்றே தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு அவர்கள் அதனை அரசுக்கு விட்டனர். புனிதப் பாறை மேல் ஏற வேண்டா என்று அவர்கள் பல்லாண்டுகள் வேண்டி நின்றனர். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுதல் தடை செய்யப்பட்டது. பாறையைக் காண வருவோர் இன்றும் வருகின்றனர். அங்கும் எல்லாம் நிறைவாக முடிந்துவிடவில்லை. 2007-இல் மைய அரசின் தலையீட்டை அடுத்து ஊர்ப் பொதுவிடங்களுக்கான அனுமதி முறை தளர்த்தப்பட்டு, பெரும் எதிர்ப்பு எழுந்தது. அனுமதிச் சீட்டு என்பது சிறு தாளாயினும், அதன்மீது நிகழும் போர் நிலத்தின்மீது நிகழும் போரே என்பது அதனால் விளங்கும்.

சட்டம் தந்ததும் தராததும்

இந்தியச் சட்டத்துக்கு இக்கருத்து அயலானதன்று. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம், பழங்குடியினருக்கும் மரபுவழிக் காடுவாழ்நருக்கும் இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. சமூகக் காட்டுவளத்தைக் காக்கவும் மேலாளவும் அவர்களுக்குள்ள உரிமையை அது ஏற்கிறது. அதன் 5-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, அக்காட்டுவளத்துக்குள் நுழைவதை ஒழுங்குபடுத்தும் கிராம சபையின் முடிவுகள் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது. நுழைவை ஒழுங்குபடுத்துதல் என்ற சொல் சட்டத்திலேயே உள்ளது. அச்சொல்லை எடுத்து மேசைமேல் வைப்பாரே இல்லை.

தமிழகத்தில் அச்சட்டம் நெடுங்காலம் உறங்கியது. 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா வழங்குவது தடைப்பட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை விலக்கியது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழகத்தில் இல்லாமையால், பிற மாநிலப் பழங்குடி ஊர்கள் சிலவற்றுக்கு உள்ள சிறப்பு ஆட்சியுரிமையும் இங்கில்லை. இதற்கிடையே மேகமலை 2009-இல் வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. புலியைக் காப்பது கடமை. வையையின் ஊற்றுக்கண்களைக் காப்பதும் கடமை. அக்கடமையில் பளியர் பகைவராகவா, பங்காளராகவா என்பதை இனிவரும் ஆண்டுகள் முடிவு செய்யும்.

தமிழ்ப் புலவர் உலகத்துக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. சாத்தனார் அன்று செய்த பணி யாது? குரவர் கண்டதை அவர் மறுக்கவில்லை. தமது விளக்கத்தால் அதனை மறைக்கவுமில்லை. அவர்கள் சொல்லுக்குப் பொருள் சொல்லி, வேந்தன் செவியில் அதனை நிலைநிறுத்தினார். இளங்கோவடிகளும் குரவரின் வாய்மொழியைக் காப்பியத்தின் உள்ளேயே வைத்துப் போற்றினார். குறிஞ்சியைப் பாடுவோர் தொகை இன்றும் குறையவில்லை. குறிஞ்சியில் வாழ்வோர் எங்கே அமர்த்தப்பட்டுள்ளனர் என்று கேட்போர் தொகைதான் குறைந்தது. கோயில் தமிழகத்துக்கா, கேரளத்துக்கா என்று எழுதப்பட்ட பாடல்களும் கட்டுரைகளும் பல. பளியன்குடியின் இசைவு பெறப்பட்டதா என்று கேட்கும் எழுத்து அரிது.

கேட்கத் தக்கது பெரிதொன்றும் அன்று. ஆண்டுதோறும் இரு மாவட்ட ஆட்சியர்கள் கூடும் அவையில், பளியர்க்கும் மன்னானுக்கும் பார்வையாளராக அன்றி முடிவு செய்வோராக இடம் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம், எந்த ஆண்டு புல் மிகக் காய்ந்திருப்பதால் எந்த வழியை மூட வேண்டும் என்பதில் அவர்கள் சொல் ஏற்கப்பட வேண்டும். சீட்டின் வருவாயில் ஒரு பங்கு அவ்வழியைக் காக்கும் குடிகளுக்குச் சேர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலக்கிய அமைப்புகள் ஆட்சியரிடம் அளிக்கும் விண்ணப்பங்களில் பாதை வேண்டும், வாகனம் வேண்டும், வழிபாட்டு நேரம் கூட வேண்டும் என்ற வரிகளோடு இவ்வரியும் சேர்ந்தால், அடுத்த சித்திரையிலேயே இப்பேச்சைத் தொடங்கிவிடலாம்.